வேகாத நீலம்

என் வலைத்தளத்துக்கு நிரந்தர வாசகர் ஒருவர்தான். அவர் என் மனைவி. மற்றவர்கள் வேறு எதையோ தேடி, வழி தப்பி வந்து, தப்பு புரிந்ததும் போய்விடுகிறவர்கள். எங்கள் ஜங்ஷனில் ரயில் மாற இறங்குகிறவர்களை ஊரைப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்ல முடியுமா? கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைக்கு போர்டு என்று டிசைன் வேலை எனக்குச் சோறு போடுகிறது. அது செரிப்பதற்காக வாரம் ஒரு கட்டுரை எழுதித் தளத்தில் ஏற்றுகிறேன்.

அந்த ஒரே வாசகருக்குக் கண்ணில் புரை வந்தது.

அவளுக்குக் கண்தான் பிழைப்பு. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, எங்கள் ஊர் செராமிக் யூனிட் ஒன்றில் கலர் பார்க்கிறவள். பீங்கான் மேல் பளபளப்புக்குப் பூசுகிற பூச்சை அங்கே கிளேஸ் என்பார்கள். யாராவது ஒரு கோப்பையைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்றால், கிளேஸைக் கலந்து, சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகளில் பூசி, சுட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 'இது இல்ல, இதுவும் இல்ல, இது' என்று முடிவு சொல்வது அவள்தான். அவள் சொன்ன பிறகுதான் மொத்தச் சரக்கும் சூளைக்குள் போகும்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. டாக்டர் கைகொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்த பிறகு அவள் சுவரைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாத்தையும் சொட்டு நீலம் போட்டு அலசுன மாதிரி இருக்குது?"

மறுபடி போய்க் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். கண்ணுக்குள் இருந்த பழைய லென்ஸ் மஞ்சள் படிந்து போயிருந்தது, இப்போதுதான் உண்மையான நீலம் தெரிகிறது, போகப் போகப் பழகிவிடும் என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"அப்ப இத்தன வருஷமா மஞ்சக் கண்ணாடி வழியாவா நான் கலர் பாத்து அனுப்புனேன்?"

"யாரும் திருப்பி அனுப்பலியே."

"அது அப்போ. இப்ப கண்ணு வேற. இந்தக் கண்ண நம்பி எப்படிங்க ஒரு சூளை சரக்க உள்ள அனுப்பறது?"

யூனிட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் அடுத்த வாரம் வரேன் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். கண் ஆறிவிட்டது. இடத்தை அவளுக்காகக் காலியாகவே வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட அவளுக்குப் பயம். பார்த்து, தெரியவில்லை என்று தெரிந்துவிட்டால்? அதற்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவியில் சத்தத்தை மட்டும் கேட்பது மேல் என்று இருந்துவிட்டாள்.

அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. என்னால் முடிந்தது வேறொன்று. போனைத் திறந்தால் வெள்ளைத் திரை கண்ணைக் கூசியதால் அவள் என் கட்டுரையைப் படிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒருவர் படிக்காததற்கு என் எழுத்து காரணமாக இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது என்று தளத்தின் நிறத்தை மாற்ற உட்கார்ந்தேன்.

வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கி, கறுப்பு எழுத்தை வெள்ளையாக்க வேண்டும். பக்கத்தில் எது என்ன நிறம், என்ன அளவு என்று சொல்கிற கோப்புக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். நான் ஆதியில் எழுதிய அந்தக் கோப்பில், திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி, பார்த்த இடமெல்லாம் நிறத்தை எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக யார் மாற்றுவது? கறுப்பை எல்லாம் வெள்ளையாக்கு என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். பிறகு, வெள்ளையை எல்லாம் கறுப்பாக்கு என்றேன். சற்று முன் வெள்ளையானவையும் அந்த வெள்ளைக்குள் அடக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை. போனை அவளிடம் நீட்டினேன்.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். "ரொம்பக் குளிர்ச்சியா இருக்குதுங்க. ஒரு எழுத்துகூட தெரியல."

"படிச்சியா?"

"நீங்க எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்குது."

அதற்குப் பிறகுதான், உலகம் எப்போதோ கற்று முடித்துவிட்ட ஒன்றை நான் கற்கப் போனேன். வேரியபிள். கோப்பின் தலையிலேயே, முன்னால் இரண்டு சின்னக் கோடு போட்டு, --பின்னணி, --எழுத்து, --விளிம்பு என்று பெயர் வைத்து, எதற்கு என்ன நிறம் என்று ஒரே ஒரு தடவை எழுதிவிட வேண்டும். கீழே மற்ற இடங்களில் பெயரை மட்டும் சொன்னால் போதும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், சண்டைக்கு வராது. பகலுக்கு ஒரு தொகுதி, இரவுக்கு ஒரு தொகுதி. பெயர்கள் அதேதான், நிறம் மட்டும் வேறு. பக்கத்தின் மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் தொகுதி மாறும், எல்லா இடமும் கூடவே மாறும். எதை அமுக்கினோம் என்பதையும் அவரவர் போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதன்முதலில் மாறியதைப் பார்த்தபோது, மெயின் சுவிட்சைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பதுபோல அதைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன்.

இரவுத் தொகுதி வந்ததும் அவள் மெல்லப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவதாக அவளுக்கென்று ஒன்று செய்யலாம் என்று என்ன நிறம் வேண்டுமென்று கேட்டேன்.

"எங்க யூனிட்டு நீலம்." டிவியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

விசிட்டிங் கார்டு கொடுக்க அந்தப் பக்கம் போனபோது யூனிட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கிளேஸ் தொட்டி பக்கத்தில் நின்ற பெண், "அக்கா எப்ப சார் வருவாங்க?" என்றார். அடுத்த வாரம் என்று நானும் சொல்லிவிட்டு, நீலத்தில் ஒரு துண்டு கேட்டேன். பலகையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அது ரோஸ். வெளிறிய, மாவு படிந்த ரோஸ்.

"நீலம் கேட்டேங்க."

"நீலந்தான் சார் இது. பாத்துப் புடிங்க, ஒட்டும்."

அவர் குரலில் துளி சந்தேகம் இல்லை. பின்னால் நின்றவரும், நீலந்தாங்க என்று தலையாட்டினார். பிரவுன் என்று மெரூன் புடவையை வாங்கிக் கொடுத்து வருஷக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். ரெண்டு பேர் சேர்ந்து சொன்னால் என் கண்ணை நான் நம்புவதில்லை. ஒருவேளை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு இதுதான் நீலமாகத் தெரிகிறதோ என்று எனக்கு நானே விஞ்ஞான விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். துண்டைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் அந்த நிறத்துக்குரிய எண்ணைப் பிடித்து, மூன்றாவது தொகுதியில் --பின்னணிக்கு எதிரே எழுதினேன். தளம் முழுக்க ரோஸாகிவிட்டது.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அவள் போனை எடுத்தாள். மூன்றாவது நிறத்துக்கு மாற்றினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இது ஏன் வேகாம இருக்குது?"

"எது?"

"நீலம். இது சூளைக்குப் போகாத நீலம். இத யாரு குடுத்தாங்க?"

சொன்னேன். சிரித்தாள், டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். சூளையில் வெந்து வெளியே வந்தால் என்ன நிறமோ, அதைத்தான் தொட்டியில் இருக்கும்போதே சொல்வார்களாம். நீலத்துக்குப் போடுகிற கோபால்ட் வேகாதவரை ரோஸாகத்தான் இருக்குமாம், ஆனால் யூனிட்டில் யாருமே அதை ரோஸ் என்று சொன்னதில்லையாம்.

"நீங்களாவது கேட்டிருக்கலாமே, ரோஸா இருக்குதேன்னு?"

"எனக்கென்ன தெரியும், ரெண்டு பேரு சத்தியம் பண்றாங்க."

"எங்க அந்தத் துண்டு?"

என் சட்டைப் பையில் இருந்தது. சட்டைப் பையும் இப்போது நீலம், அவர்கள் கணக்கில். வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பயந்துகொண்டிருந்த காரியத்தைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தால் துண்டைக் கீழே வைத்திருப்பாள்.

"வெளுப்பா இருக்குதே. கோபால்ட்டு கொறச்சுப் போட்டிருக்காங்க." போனை எடுத்தாள். "ஏம்மா, நீலத் தொட்டியில கோபால்ட்டு எவ்வளவு போட்டீங்க?"

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "டப்பா தீந்துபோச்சுக்கா. இருந்த வரைக்கும் போட்டோம். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

துண்டை இன்னொரு தடவை பார்த்தாள். "அந்தத் தொட்டிய யாரும் தொடாதீங்க. காலையில நான் வரேன்."

போனை வைத்த பிறகும் துண்டை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கமே நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அறிவாக ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து யூனிட்டுக்குப் போனாள், பிறகு தினமும் போனாள். சில நாள் கழித்து, சூளையிலிருந்து வந்த துண்டு ஒன்றையும் வாடிக்கையாளர் கொடுத்திருந்த கோப்பையையும் கைப்பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். இரண்டும் நல்ல ஆழமான நீலம். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"சரியா வந்துடுச்சே!"

"எங்க வந்துச்சு? துண்டுல சிவப்பு ஒரு துளி அதிகமா அடிக்குது பாருங்க. நாளைக்குச் சரி பண்ணிடுவேன்." நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். "உங்க தளத்துக்கு நீங்க கோப்பையப் பாத்து நீலம் போடுங்க."

--பின்னணி என்ற அந்த ஒரு வரியில் எண்ணை மாற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். மாற்றினேன். அவ்வளவு வேண்டாம் என்றாள். இருட்டும்வரை அவள் சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே இருந்தேன். எந்த இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.