கிளி மார்க் கத்தி

இன்று காலை சாணை பிடிப்பவனிடம் வீட்டுக் கத்திகள் நான்கையும் கொடுத்துவிட்டு, தேய்த்தே தீர்த்துவிடுவானோ என்று பதறி நின்றபோது, சூடான இரும்பின் வாடை மூக்கில் ஏறி, தூத்துக்குடி பழைய துறைமுகத்தருகே இப்போது சுவடில்லாமல் போய்விட்ட மீன் வெட்டும் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது.

எழுபதுகளில், பள்ளி விட்டதும், ஈரப் பலகைகளில் கத்திகள் விழும் ஓசையை எண்ணிக்கொண்டே அங்கு நிற்பேன். மீன் வெட்டுகிறவர்களின் பேச்செல்லாம் கத்தியைப் பற்றித்தான். கப்பலில் வந்த, இரும்பில் கிளி முத்திரை குத்திய தன் கிளி மார்க்குக்கு ஈடு உலகத்திலேயே இல்லை என்பார் ரோசம்மா அக்கா. சாத்தான்குளத்துக் கொல்லர் பழைய லாரியின் வில் பட்டா இரும்பில் அடித்ததுதான் கத்தி என்பார் அந்தோணி அண்ணாச்சி. தவக்காலத்துக்கு முந்தின நாள் பந்தயம் கட்டினார்கள். ஆளுக்கொரு சுறாவைத் தோலுரிக்க வேண்டும். தோற்றவர் தவக்காலம் முழுக்க மற்றவருக்குக் கத்தி தீட்டித் தர வேண்டும்.

உப்புத்தாள் போன்ற அந்தத் தோலில் அக்கா பாதி தாண்டியபோது, கத்தியின் பிடி கழன்று தண்ணீரில் போய் விழுந்தது.

“எக்கா, ஒங்க கிளி பறந்துட்டு!” என்றார் அண்ணாச்சி.

“ஏலே, பறந்தது கட்டைதாம்லே. கிளி இரும்புலல்லா இருக்கு!”

அக்கா முந்தானையைக் கிழித்து இரும்பில் சுற்றி, அண்ணாச்சிக்கு முன்பே உரித்து முடித்துவிட்டார். கொட்டகையே கைதட்டியது.

மறுநாள் போனபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேர் நல்ல பிடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தங்கள் கத்திகளில் சேலைத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கத்தியைத் தீட்டி முடித்துவிட்டு வந்த அந்தோணி அண்ணாச்சியும் அவர்களில் ஒருவர்.