வால்விலிருந்து ஒரு சாண்

முப்பத்தொரு வருஷம் சைக்கிளில் ரொட்டி சுமந்தவர் அவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் பஞ்சர் ஒட்டித் தரச் சொல்லி இன்னொருத்தன் கடை வாசலில் அவர் நின்றதில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர்தான்.

டயரைக் கழற்ற அவருக்கு இரண்டு கரண்டிக் காம்பு போதும். ஒட்டுக்குப் பழைய டியூப்பையே வட்டமாக வெட்டிக்கொள்வார். மூலை வைத்து வெட்டினால் மூலையிலிருந்தே பிய்ந்து வரும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். காற்று எங்கே போகிறது என்று பார்க்கத் துணி துவைக்கிற வாளி இருந்தது. டயருக்குள் முள் தேட ஒரு கிழிந்த பனியன். அதைச் சுருட்டி உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தால் எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். வெறும் விரலை விட்டுத் தேடுகிறவனைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

இதெல்லாம் பஞ்சர் ஆனபிறகு பார்க்கிற வேலை. ஆகாமலே இருக்க அவர் செய்துவைத்ததுதான் பட்டை. தேய்ந்துபோன டயரின் இரண்டு ஓரத்தையும் அறுத்துத் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் நீளமாக எடுத்து, டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் வைத்துவிடுவார். ஆணி டயரைக் குத்தலாம், பட்டையைத் தாண்ட முடியாது. தெருவில் ஆறு சைக்கிளுக்கு அவரே போட்டுக் கொடுத்திருந்தார். காசு வாங்கவில்லை, புகழை மட்டும் வாங்கிக்கொண்டார். போன மாதம் தன் பின்சக்கரத்துக்குப் புதுப்பட்டை வெட்டினார். முன்னதைவிட இரண்டு மடங்கு கனம்.

"இது நான் செத்தாலும் சாகாது" என்றார் மனைவியிடம்.

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?" என்றாள் அவள்.

அந்தப் பட்டை போட்ட மூன்றாவது வாரம்தான் சனி பிடித்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பின்சக்கரம் இறங்கியது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஏழு மணிக்குள் எண்பது ரொட்டி போய்ச் சேர வேண்டும். அவர் பிழைப்பில் பாதி அதுதான். அன்றைக்கு ஏழே கால். வீட்டுக்கு வந்து பட்டையை உருவிப் பத்திரமாக ஓரமாய் வைத்துவிட்டு, பனியனால் டயரைத் துடைத்தார். நூல் எங்கும் மாட்டவில்லை. ஓட்டையை ஒட்டி, பட்டையைத் திரும்பப் போட்டு, காற்றடித்தார். புதன்கிழமை மறுபடியும் இறங்கியது. ஏழு இருபது.

சமையலறைப் பொறுப்பிலிருந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வெறும் வயித்துல மாத்திரை குடுக்க முடியாதுங்க. வார்டு பூரா எனக்காகக் காத்துட்டு இருக்கு. இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேன்காரரையே வரச் சொல்லிடுவேன். தப்பா நெனைக்காதீங்க."

வேன்காரர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி. சின்ன வேன் ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. அதற்குச் சரியாக ஓட்டம் கிடைக்கவில்லை.

அன்று அவர் டியூப்பை வாளியில் முக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, திங்கக்கிழமை ஒட்டினதுக்குப் பக்கத்துலயே இந்த ஓட்டையும் இருக்கு. முள்ளு என்ன வீட்டு விலாசம் தெரிஞ்சு வருதா?"

"உனக்கு என்ன தெரியும்? ரோடு அப்படி. போய் உலையைப் பாரு."

அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் பனியனை எடுத்து டயரைத் துடைத்தார். ஒன்றும் மாட்டவில்லை. பட்டையை முன்பிருந்தபடியே திரும்பப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு, பாலத்தை இறங்கியதும், பின்னால் அந்தப் பழகிய தளர்ச்சி. ரிம் தரையைத் தொட்டது. ரொட்டிப் பெட்டிகளை இறக்கிச் சுவரோரம் அடுக்கினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முதல் கரண்டிக் காம்பைச் செருகும்போதே வேன் வந்து நின்றது.

"என்ன மச்சான், சைக்கிள் சிரசாசனம் பண்ணுது?"

"உன் வேலையப் பாரு மாப்ளே."

"பெட்டிய ஏத்துங்க, அஞ்சு நிமிஷத்துல கொண்டு போயிடறேன். ஆளுக்குப் பாதி."

ஏற்றினால் ரொட்டி நேரத்துக்குப் போய்விடும், ஆஸ்பத்திரியும் வேனோடு போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். வார்டில் காத்திருக்கிறவர்களை நினைத்து அவர் ஒரு கணம் தயங்கியதும் உண்மை. மணி பார்த்தார். ஆறு இருபத்தைந்து.

"ஆறே முக்காலுக்கு நான் இங்கேயே இருந்தா வந்து ஏத்திக்கோ. பாதி வேணாம், முழுசா நீயே வெச்சுக்கோ. இப்ப கிளம்பு."

வேன் போனது. டியூப்பை வெளியே இழுத்து, கொஞ்சம் காற்றடித்து, உதட்டோரம் வைத்து மெல்ல நகர்த்தினார். இரண்டு ஒட்டுக்கும் பக்கத்தில் ஜில்லென்று காற்று பட்டது. மூன்றாவது ஓட்டை. முள்ளுக்கு விலாசம் தெரியுமா என்று அவள் கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. வால்விலிருந்து டியூப்பைச் சாணால் அளந்தார். சரியாக ஒரு சாண். டயரிலும் ரிம்மின் வால்வுத் துளையிலிருந்து ஒரு சாண் அளந்து, பட்டையை எடுக்காமல், விரலை உள்ளே விட்டார்.

விரலைக் கீறியது முள்ளல்ல, அவருடைய புதுப்பட்டையின் வெட்டு முனை. இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேல் முனை கத்தியைப்போல் நின்று, சக்கரம் சுற்றச் சுற்ற டியூப்பை அறுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் திருடனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குள் தேடியிருக்கிறார்.

வைவதற்கு ஆள் வேறு யாருமில்லை. பட்டையை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உப்புத்தாளால் டியூப்பைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு அது காயும்வரை பொறுத்தார். அவசரத்தில் ஈரத்தோடு ஒட்டுகிறவன் இரண்டு தடவை ஒட்டுவான். அதை அந்த நிலையிலும் அவர் மறக்கவில்லை. ஒட்டைப் பதித்து, டயரை மாட்டிக் காற்றடித்து, பெட்டிகளை ஏற்றிக் கட்டும்போது ஆறு நாற்பத்து மூன்று.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது ஏழுக்கு நாலு நிமிஷம் இருந்தது. அங்கே வேன் நின்றிருந்தது.

"என்ன மச்சான், மாலையெல்லாம் போட்டுக்கிட்டு வர்றீங்க?"

அவர் பெட்டிகளை இறக்கினார். சமையலறை அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாளைக்கும் இதே நேரம்" என்றாள். அவருக்கு அது போதும்.

சாயங்காலம் பட்டையின் இரண்டு முனையையும் பிளேடால் தாள்போலச் சீவி, கல்லில் தேய்த்து, சேருமிடத்தின்மேல் பழைய டியூப் துண்டு ஒன்றை ஒட்டி, உரசாமலிருக்கப் பவுடர் தூவினார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ கேட்டது சரிதான்" என்றார்.

"என்ன கேட்டேன்?" அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை சொல்லவைக்க ஆசை.

அவர் பிளேடை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் சைக்கிள் வாட்ச்மேனுடையது.

"நான் போட்டுக் குடுத்த பட்டையில தப்பு இருக்கு. கழட்டு, முனையைச் சீவித் தரேன்."

"நீங்களா சொல்றீங்க? உங்க பட்டையிலயா? எனக்கு ஒரு பஞ்சர்கூட ஆகலையே!"

"இனிமே ஆகும். கழட்டு."