குளவிக்குப் போட்ட வலை

நானும் அம்மாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, அவளுடைய ட்ரெய்லரிலிருந்து கேஸ் ஹீட்டரைக் கழற்றி வெளியே எடுத்தது.

அக்டோபர் மாதம். முந்தைய இரவு உறைபனி இறங்கியிருந்ததால் சர்க்கரை ஆலைக்கான பீட்ரூட் கிழங்குகளைக் குவிக்கும் களத்தை மூடிவிட்டார்கள். உறைந்த கிழங்கைக் குவித்தால் உள்ளேயே அழுகிக் குவியல் முழுவதும் வீணாகிவிடும். மண் இளகும்வரை யாருக்கும் வேலை இல்லை. அம்மாவுக்கு அது கட்டாய ஓய்வு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

அம்மாவின் பெயர் அர்லிஸ். எழுபத்தொரு வயது. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் அந்த ட்ரெய்லர்தான் அவளுடைய வீடு. வேறு வீடு கிடையாது.

ஒரு வாரமாக விடியற்காலையில் அதன் விஷவாயு அலாரம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஹீட்டரில் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் அடிப்பது அது. அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அம்மா அலாரத்தைக் கழற்றி அலமாரியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவே திணித்துவிட்டு, தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பக்கத்து ட்ரெய்லர் டுவைட்தான் எனக்கு ஃபோன் செய்தார்.

"பழைய அலாரம்டி மாரிட். ரொட்டி கருகினாலும் கத்தும்," என்றாள் அம்மா.

நான் புதிது ஒன்று வாங்கி வந்திருந்தேன். மாட்டினேன். ஹீட்டரைப் போட்டுவிட்டு இருவரும் காபி குடித்தோம். கோப்பை காலியாவதற்குள் புதியதும் அடித்தது. கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டேன்.

"இதுவும் பழசாம்மா?"

"கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்."

கொதிகலன்களைப் பரிசோதிப்பது என் தொழில். தகட்டில் எங்கே விரிசல் விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கழற்றுவதற்கு முன்பே எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. நான் நினைப்பது தவறாக இருக்கட்டும் என்று விரும்பிக்கொண்டே சிலிண்டரை மூடினேன். பேட்டரி இணைப்பைப் பிரித்தேன்.

முதலில் வெளிப்பக்கம். ட்ரெய்லரின் பக்கவாட்டில் ஹீட்டருக்கென்று இரண்டு துளைகள் உள்ள ஒரு மூடி உண்டு. ஒரு துளை காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். அந்த மூடியின் மேல் பொடிக்கண் கம்பி வலை ஒன்றை அம்மா இறுக்கிக் கட்டியிருந்தாள். வலையின் கண்கள் பாதிக்குமேல் கரியாலும் தூசியாலும் அடைந்திருந்தன.

"இது எப்போ போட்டது?"

"போட்டு வருஷக்கணக்காச்சு. அதுக்கப்புறம் ஒரு குளவி உள்ள போகல."

அதில் அவளுக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். கேஸ் வாசனைக்குக் குளவிகள் வரும். குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். ட்ரெய்லர்வாசிகள் பனியைவிடக் குளவிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ஹீட்டருடன் வரும் கையேட்டில், இந்தத் துளைகளை எதைக் கொண்டும் மறைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கையேட்டை யாரும் பிரிப்பதில்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் செய்வார்.

நான் வலையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே போனோம். ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஒரு சல்லடைக் கதவு, அதற்குப் பின்னால் ஹீட்டர். சூடான காற்று போகும் வளைகுழாய்களைத் திருகி உருவினேன். கேஸ் குழாயின் மரையை மட்டும் தனியாளாகக் கழற்ற முடியாது. ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்ப வேண்டும். இல்லையென்றால் செம்புக் குழாய் முறுக்கிக்கொண்டு உடையும். அம்மா என் பக்கத்தில் தரையில் படுத்து ஸ்பானரைப் பிடித்தாள். அவள் மூச்சு காதருகே கேட்டது. படியேறியவளின் மூச்சு போல இருந்தது. படுத்துத்தான் இருந்தாள்.

"டாக்டர பாத்தியா?"

"களம் முடியட்டும்."

"கால் வீங்கியிருக்கு."

"பூட்ஸ் சின்னதாயிடுச்சு. நீ மரைய பாரு."

மரை கழன்றது. ஹீட்டர் வரவில்லை. போன வருடம் அம்மா பழைய தரைக்கு மேலேயே புது வினைல் விரிப்பு ஒட்டியிருந்தாள். அதன் விளிம்பு ஹீட்டரின் அடிப்பாகத்தைத் தடுத்தது. அதை அறுக்க வேண்டும் என்றேன். கத்தியை அவளே எடுத்துக்கொண்டாள். அவள் ஒட்டியதை அவள்தான் அறுப்பாளாம்.

அம்மாவின் குணமே அதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிக்காலத்தில் டயருக்குச் சங்கிலி மாட்ட ஒர்க்‌ஷாப் ஆளைக் கூப்பிட்டதில்லை. பின்னிருக்கையில் சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். அப்பா இறந்தபின் வீட்டை விற்று இந்த ட்ரெய்லரை வாங்கினாள். கோடையில் ஒரு பூங்கா முகாமில் வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வேலை. அக்டோபரில் வடக்கே இந்தக் களத்தில் கிழங்கு லாரிகளுக்குக் கைகாட்டும் வேலை. குளிர் முற்றினால் தெற்கே பாலைவனம். மேடையில் கோணலாக ஏற்றும் லாரி டிரைவரிடம், "தம்பி, லாரிய மாமியார் வீட்டுல ஓட்டிப் பழகினியா?" என்று கேட்பாள். அவர்கள் அடுத்த வருடமும் அவள் நிற்கும் வரிசையைத் தேடித்தான் வருவார்கள்.

ஹீட்டரை வெளியே கொண்டுவந்து மடக்கு மேசைமேல் வைத்தோம். அதன் வெளி உறையைப் பிரித்தேன். நெருப்பு எரியும் தகட்டு அறை தெரிந்தது. டார்ச்சை உள்ளே விட்டு, மேலே என் கோட்டைப் போர்த்தி, அம்மாவையும் உள்ளே தலைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். தகடு மடியும் ஓரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு, கோடாக வெளிச்சம் கசிந்தது.

அம்மா விரலை நீட்டி அந்த வெளிச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"விரிசல பத்தவெச்சுத் தர முடியாதா?" என்றாள் பிறகு.

"முடியாது. பக்கத்துல விரிசல் விட்டுடும்."

"ஜன்னல கொஞ்சம் தெறந்து வெச்சுக்கறேன்."

"முடியாதும்மா."

"இன்ஸ்பெக்டர் மாதிரி பேசாத."

"நான் இன்ஸ்பெக்டர்தான்."

"எதனால விட்டுச்சு?"

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று இப்போதும் தெரியவில்லை. அவள் கேட்டால் பதில் வேண்டும் என்றுதான் கேட்பாள். வலையை எடுத்து மேசையில் வைத்தேன். புகை வெளியேற வழி குறைந்தால் சூடு உள்ளேயே நிற்கும் என்றும், தகடு அளவுக்கு மீறிக் காய்ந்து காய்ந்து மடிப்பில் விரிசல் விடும் என்றும் சொன்னேன். அவள் வலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத நான் எல்லாருக்கும் குடுத்திருக்கேன்டி."

அதுவும் எனக்குத் தெரியும். களத்துக்கு வந்ததும் ஒருவர் ஆப்பிள் பை சுட்டுத் தருவார். இன்னொருவர் உருளைக்கிழங்கு ரொட்டி தருவார். அம்மா கம்பி வலை வெட்டிக் கொடுப்பாள். அளவெடுத்து, ஓரம் மடித்து, தானே கட்டியும் விடுவாள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"நீ போனா, அர்லிஸ் பொண்ணு சோதனை போட வந்துட்டான்னு கதவ சாத்திப்பாங்க. நான் மாட்டினது. நான்தான் கேட்டு வாங்கணும்."

ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால் போனேன். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நிற்பதை மறைக்க வானத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தான் செய்தது தவறு என்று சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. சிலர் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். டுவைட் மட்டும் வாசலிலேயே நிறுத்தினார்.

"மாட்டு மாட்டுன்னு என் உசுர வாங்கின. இப்ப கழட்டு கழட்டுன்னு வாங்கறியா?"

"தலைவலி இருக்கா உனக்கு?"

"உன் பக்கத்துல குடியிருந்தா இருக்காதா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். தானே சென்று வலையை அவிழ்த்து, அவள் கையில் கொடுத்தார்.

வரிசையின் கோடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ட்ரெய்லர் நின்ற அளவுக்குப் புல் வெளுத்திருந்தது. மெர்லும் அவர் மனைவி ஜோலீனும் போன வாரமே தெற்கே கிளம்பிவிட்டார்கள். ஜோலீனின் முழங்கால் குளிர் தாங்கவில்லை. போகும் முன்பு அவர்களுக்கும் அம்மா வலை கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் இரட்டை மடிப்பாக. ஜோலீனுக்குக் குளவி கொட்டினால் உடம்பெல்லாம் வீங்குமாம்.

அவர்களுக்கு ஃபோன் செய்யலாமே என்றேன்.

"நம்பர் யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் இதே எடத்துல நிப்பாங்க. நம்பர் எதுக்கு?"

குடும்பப் பெயரும் தெரியாது. இவர்களுக்குள் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. பாலைவனத்தில் ஜனவரியில் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். எங்கே விறகு எரிந்தாலும் மெர்ல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அங்கே பார்த்து, தானே கழற்றிவிடுவதாக அம்மா சொன்னாள். புது ஹீட்டர் வந்ததும் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே, வெளுத்த புல்லின் ஓரத்தில் நின்றாள்.

அன்று மாலை அவளை நகரத்தில் என் அபார்ட்மெண்டுக்கு அழைத்து வந்தேன். புது ஹீட்டரை ஆர்டர் செய்தேன். வரத் தாமதமாகும் என்றார்கள். தினமும் கேட்டேன், தினமும் அதையே சொன்னார்கள். அம்மா ஜன்னலோரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் யார் கோணலாக நிறுத்துகிறார்கள் என்று எனக்குச் சொல்வாள்.

"ஹீட்டர் வந்துச்சா?"

"வரல."

"மெர்ல் மரம் மாதிரி தூங்குவான். அலாரம் அடிச்சாலும் கேக்காது. ஜோலீனுக்குக் கேக்கும். கேக்கும்ல?"

கேட்கும் என்றேன். அவர்கள் ட்ரெய்லரில் அலாரம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. அம்மாவைப் போல அதை ஸ்வெட்டர்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்களா என்பதும் தெரியாது.

நவம்பர் முதல் வாரத்தில் மூச்சுத்திணறல் அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தேன். இதயம் நெடுநாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். அந்த ஒரு வார வாயு எந்த அளவுக்குக் காரணம் என்று கேட்டேன். அதை இனி அளக்க முடியாது என்றார். எதையும் அளந்து பழகியவள் நான். அவர் மேசையில் இருந்த அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் அவள் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஜனவரிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள்.

அடக்கம் முடிந்த வாரம் ஹீட்டர் வந்தது. பெட்டி பிரிக்கப்படாமல் கூடத்தில் நிற்கிறது. ட்ரெய்லரில் ஃப்ரிட்ஜுக்குக் கீழே இருட்டான சதுரம் ஒன்று அப்படியே இருக்கிறது. அவள் அறுத்த வினைல் விளிம்பு சுருண்டு கிடக்கிறது.

களத்து ஆட்கள் ட்ரெய்லர் நிறுத்தும் முகாமின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். வந்துபோனவர்களின் எண்ணைத் தருவதில்லை என்றார்கள். காரணத்தைச் சொன்னதும் அவர்களே கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம். டுவைட் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரிக்கிறார். டெக்சாஸ் என்கிறார் ஒருவர், அரிசோனா என்கிறார் இன்னொருவர். பாலைவனத்திலும் இரவில் குளிரும். ஹீட்டர் போடுவார்கள்.

வெள்ளை ட்ரெய்லர். பக்கவாட்டில் பச்சைப் பட்டை. ஓட்டுபவர் மெர்ல், மனைவி ஜோலீன். வெளிப்பக்க மூடியில் இரட்டை மடிப்பாகக் கம்பி வலை இருக்கும், ஓரம் ஒழுங்காக மடித்திருக்கும். அதை அம்மா கழற்ற வேண்டியிருந்தது. இன்னும் கழற்றவில்லை.