உப்புத் தண்ணீரில் சுருங்கிய வில்லை

கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளியின் மாவுச்சத்தையும் அக்ரிலிக் அமிலத்தையும் பிணைத்து நான் செய்த ஹைட்ரோஜெல் வில்லை, காய்ந்திருக்கும்போது சட்டைப் பொத்தான் அளவுதான். தண்ணீரில் போட்டால் குடித்துக் குடித்து ஊதும். வறண்ட மண்ணில் வேருக்கு ஈரம் பிடித்துவைக்கத்தான் இந்தப் பாடு. எடை எந்த அளவுக்கு மேல் ஏறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு முறையும் வில்லை கிழிந்துபோனது. திங்கட்கிழமைக்குள் அந்த எடை வராவிட்டால் கருத்தரங்கில் என் இடம் வேறொருவருக்கு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று எர்ணாகுளத்தில் ஆய்வகம் பூட்டு. அதனால் வில்லையையும் காய்ச்சி வடித்த நீரையும் சனிக்கிழமையே படகில் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் சந்தில் நகை வேலை செய்யும் சேட்டனின் தராசு மில்லிகிராம் வரை காட்டும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கு ஒருமுறை எடை போட்டால் போதும். நான் அரை மணிக்கு ஒருமுறை கிண்ணத்து நீரிலிருந்து வில்லையை எடுத்து, வடிதாளில் ஒற்றி, டப்பாவில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னா மோளே, இப்ப எத்தன பவன்?" என்று சேட்டன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எடை ஏறுவது அடங்கியது. இன்னும் ஒரே ஒரு முறை பார்த்தால் முடிந்தது. உட்கார முடியாமல் படகுத்துறைவரை நடந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வில்லை பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

குழாயில் தண்ணீர், அம்மாவின் பேச்சில் 'வெள்ளம்', வந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் சொம்பு முதல் அண்டா வரை எல்லாம் நிரம்பியாக வேண்டும். கோடையில் அந்தக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். உப்பு பட்டால் இந்த வில்லை குடித்ததைக் கக்கிவிடும்.

"நேத்தைய வெள்ளம்னு கொட்டிட்டுப் புதுசு பிடிச்சு வெச்சேன்" என்றாள் அம்மா.

"உனக்கு மூளையே கிடையாதா?" என்று கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

"நாம குடிக்கிறதும் இந்த வெள்ளந்தானே?" குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

எந்த வறண்ட நிலத்தில் காய்ச்சி வடித்த நீர் பாய்கிறது? இத்தனை நாள் நான் அதை யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது.

திங்களன்று ஆசிரியர் எடைகளையும் அடியில் நான் எழுதியிருந்த குறிப்பையும் பார்த்துவிட்டு, "குழாய்த் தண்ணீரை யார் ஊற்றியது?" என்றார்.

"நான்தான்."

கருத்தரங்கு கைவிட்டுப் போனது. திரும்பும் படகில், அம்மாவிடம் என்ன சொல்வது என்று சொற்களைத் தேடிக்கொண்டே வந்தேன். வீட்டில் அவள் சோறு போட்டாள், மீன்குழம்பு ஊற்றினாள், பக்கத்தில் வெறும் டம்ளரை வைத்தாள்.

"வெள்ளம் நீயே எடுத்துக்கோ மோளே. உனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியல."