இருநூற்று எழுபது டிகிரி

சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். போன தை மாதம் வரை பேய் என்றால் நானும் சிரித்தவள்தான். வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவள் நான். பார்த்து, அளந்து, எழுதி வைத்ததை மட்டுமே நம்புவேன். இதையும் பார்த்தேன். நேரம் போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

என் பெயர் அபிநயா. ஊர் கண்ணமங்கலம். ஜவ்வாது மலையில் சாமை உமி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதை எரித்து, சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, அதன்மேல் செம்பு ஆக்ஸைடை நானோ துகள்களாகப் படிய வைப்பதுதான் என் வேலை. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய உதவும் வினையூக்கி அது. சிலிக்காவைச் செம்பு நைட்ரேட் கரைசலில் ஊற வைத்து, உலர்த்தி, மின் உலையில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் நானூறு வரை ஏற்ற வேண்டும். சொல்வது சுலபம். ஐந்து வருடங்களில் ஒருமுறைகூடத் துகள்கள் ஒரே அளவில் வரவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு நல்ல சாம்பிள் குடும்மா. இல்லன்னா தலைப்பையே மாத்திடலாம்" என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். மாற்றினால் ஐந்து வருட உழைப்பும் பாழ்.

உலை இருந்தது மலைமேல் ஒரு பழைய கிடங்கில். நானும் அங்கேயே ஒரு கட்டில் போட்டுத் தங்கியிருந்தேன். பக்கத்தில் வீடு கிடையாது. செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் அரை கிலோமீட்டர் நடந்து ஒரு பாறைமேல் ஏற வேண்டும். எனக்கு உதவியாக இருந்தவர் சின்னக்குழந்தை அக்கா. ஐம்பது வயது. அரை மணிக்கு ஒருமுறை உலையின் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். உலைக்கு முதுகு காட்டி மேஜையில் உட்கார்ந்தபடி நான் எழுதிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை பகலில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலையில் வோல்டேஜ் எப்போதும் குறைவு. புகையை வெளியே தள்ளும் ஃபேன் ஓடினால் உலை சூடேறாது. அதனால் ஃபேனை நிறுத்தினேன். குளிருக்கு ஜன்னலும் சாத்தியிருந்தது. "மீட்டரை விட்டு நகராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வழிகாட்டியிடம் போன் பேசப் பாறைக்குப் போனேன். திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அறை முழுக்கப் பழுப்புப் புகை. அக்கா மீட்டர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். இருமினார். முகம் கழுவினார். "ஒண்ணுமில்ல பாப்பா" என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

நைட்ரேட் சூடாகும்போது வரும் அந்தப் புகை ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. எனக்குச் சரியான கோபம். தனியாகவே எல்லாம் தயார் செய்து, மாலை 6.30க்கு உலையைப் போட்டேன். முப்பது டிகிரி. ஃபேன் ஓடியது. இதுதான் கடைசி வாய்ப்பு.

6.55. கதவு திறந்தது. அக்கா.

"இன்னாக்கா, காலைலேர்ந்து எங்க போய்ட்டீங்க?"

நேராக உலையிடம் போனார். பாதங்களைச் சேர்த்து வைத்து, சின்னச் சின்ன அடியாக நடந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது. தாடையோடு சேர்த்து உச்சி வரை ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். குளிருக்கு இங்கே எல்லோரும் தலையில் ஏதாவது கட்டுவார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தக் குளிரில் யார் தலைக்குக் குளிப்பார்கள்?

7.00. "அறுவது" என்றார். வாயை அதிகம் திறக்காமல் பேசினார்.

7.30. "தொண்ணூறு."

எண்கள் சரியாக ஏறின. என் கோபம் இறங்கிவிட்டது. எட்டு மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. நான் பேசும்போது என் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

8.40. காற்றில் எங்கிருந்தோ மேளச் சத்தம் கேட்டது.

"எந்த ஊரு மேளம்க்கா?"

"நம்மூருதான்."

"இன்னா விசேஷம்?"

வந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்க ஏனோ பயமாக இருந்தது...

9.20. பல்பு மங்கியது. வோல்டேஜ் இறங்கிவிட்டது. உலை திணறும் சத்தம். இந்தச் சாம்பிளும் போய்விடுமே என்று பதறி, ஃபேனை நிறுத்தினேன். பத்து நிமிடம்தானே என்று நினைத்துக்கொண்டேன். மூடுபனி உள்ளே வந்ததால் ஜன்னலையும் சாத்தினேன். உலை மறுபடி ஏறத் தொடங்கியது. ஃபேனை மறந்தே போனேன். எனக்கு அன்று சளி வேறு. எந்த வாசனையும் தெரியவில்லை.

9.30. "எர்நூத்தி பத்து."

10.00. "எர்நூத்தி நாப்பது."

மேளம் நின்றிருந்தது. வேறொரு சத்தம் கேட்டது. கொழகொழவென்று... தண்ணீருக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல.

"அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அந்த மூச்சு மட்டும் கேட்டது.

10.30. "எர்நூத்தி எழுவது."

எழுதினேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது.

"கண்ணு எரியுதா பாப்பா?"

"ஆமாக்கா..."

"எனக்கும் மொதல்ல கண்ணுதான் எரிஞ்சிது."

குரல் உலைப் பக்கமிருந்து வரவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை. புகைதான் இருந்தது. பழுப்புப் புகை.

கதவுக்கு ஓடினேன். உள்தாழ் போட்டிருந்தது. நான் போடவில்லை. இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன்...

டக்.

வெளியே விழுந்தேன். இருமினேன். பின்னால் படார் என்று ஒரு சத்தம். ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. புகை அதன் வழியாக வெளியேறியது.

11.00. உள்ளேயிருந்து குரல்.

"முந்நூறு."

11.30.

"முந்நூத்தி முப்பது."

காதைப் பொத்திக்கொண்டேன்.

விடிந்ததும் அக்காவின் ஊருக்கு நடந்தேன். தெருவில் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குள் அக்கா படுத்திருந்தார். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள்.

மகள் ஈஸ்வரிதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை ராத்திரி மூச்சுத் திணறல். விடியற்காலை ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். சனிக்கிழமை மதியம் 1.10க்கு உயிர் போய்விட்டது. "நுரையீரல் முழுக்கத் தண்ணி கோத்துக்கிச்சாம். இன்னா பொகய மோந்தாங்கன்னு டாக்டரு கேட்டாரு. எங்களுக்குத் தெரியல" என்று அழுதாள். எனக்குத் தெரியும். அந்தப் பந்தலிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்தப் புகையை நானும் சுவாசித்திருந்தேன். இரண்டு நாள் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அன்று உலையில் இருந்த சாம்பிளை அளந்து பார்த்தார்கள். துகள்கள் எல்லாம் ஒரே அளவு. புகை உலைக்குள் தேங்கினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்; ஜன்னல் திறந்து அது வெளியேறியதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. வழிகாட்டி கைகொடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். ஈஸ்வரியின் கணவர் லட்சுமணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது, பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். அங்கே வைத்துத்தான் பேசினார்.

"அன்னிக்கு சேதி சொல்லச் சொல்லி என்னத்தான் உங்ககிட்ட அனுப்புனாங்க மேடம். ஆறு மணிக்கு அத்தய குளிப்பாட்டிப் படுக்க வெச்சிட்டு, ஏழரைக்கு அங்க வந்தேன்."

"கதவைத் தட்டவே இல்லையே?"

"ஜன்னல்ல பாத்தேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க. பின்னால எங்க அத்த நின்னுக்கினு இருந்துச்சு. ஓடிட்டேன் மேடம்."

"மீட்டரப் பாத்துக்கினுதான இருந்தாங்க?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மீட்டரு பக்கம் திரும்பவே இல்ல மேடம். உங்க கழுத்துகிட்ட குனிஞ்சி, உங்களயே பாத்துக்கினு இருந்துச்சு."