துறையில் இழுத்துக்கொண்ட கை

பியானோ வாசிக்கிறவனுக்கு விரல்கள்தான் சொத்து. எங்கள் வீட்டில் அந்தச் சொத்தைக் காத்தவள் என் தங்கை திரேசா. ஊர்காவற்றுறை மாதா கோயில் ஓர்கனில் நான் பழகத் தொடங்கிய நாளிலிருந்து தேங்காய் திருவியது, கிணற்றில் தண்ணீர் அள்ளியது எல்லாம் அவள்தான். நான் கயிற்றைத் தொட்டாலே, "விடுங்கோ அண்ணை, விரல் பழுதாப் போயிடும்" என்று பறித்துவிடுவாள்.

பிறகு நான் கொழும்பில் பெரிய மேடைகளில் வாசித்தேன். அவள் நெடுந்தீவில் கலியாணம் கட்டினாள். எழுபதுகளில் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, யாழ்ப்பாணம் வரை வழியனுப்ப அவளும் லோஞ்சில், அந்த மோட்டார் படகில், வரப் புறப்பட்டாள். அன்று கடல் சரியில்லை. லோஞ்ச் துறைச் சுவரில் மோதுவதும் விலகுவதுமாக ஆடியது. நான் முதலில் பாய்ந்து ஏறிவிட்டேன்.

"அண்ணை, கையை ஒருக்காத் தாங்கோ."

குனிந்து கையை நீட்டினேன். நாலு நாளில் கச்சேரி என்ற நினைவு வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் தடுமாறித் துறைச் சுவரின் விளிம்பைப் பிடித்தாள். லோஞ்ச் மறுபடி வந்து அந்தக் கையில் மோதியது.

இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவள் கேட்டாள்: "உங்கட கையில ஒண்டும் படேல்லைத்தானே?"

அவளுடைய இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவேயில்லை.

நாலாம் நாள் நான் மேடையேறினேன். ஒரு கட்டைகூடப் பிசகவில்லை. சபை எழுந்து நின்று கைதட்டியது. ஓரிடத்திலாவது பிசகியிருந்தால், என்னை மன்னிக்க எனக்கொரு சாக்காவது கிடைத்திருக்கும்.