பின் இருக்கையில் நாவலாசிரியை

பச்சை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போன நாவலாசிரியையின் புதிய நாவல் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்திருந்தது; அதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. அவளைப் பழிவாங்கியே தீரவேண்டும் என்று தோன்றியது அந்த நொடியில்தான்.

"என்னட்டி முழிக்க? சொல்லு."

"இதுல அவதான் ஸ்கூட்டர் ஓட்டுதா, அத்தை. நீங்க பின்னால உக்காந்து நடுங்குதீங்க."

அத்தை சிரித்துவிட்டாள். "நானா? மேலப்பாளையத்துல ரெண்டு ஆட்டோவுக்கு நடுவுல நுழைஞ்சப்ப 'ஜீசஸ், ஜீசஸ்'னு என் இடுப்ப நசுக்குனது யாரு? பாவம்னு இருந்த ஒரே ஹெல்மெட்டையும் அவ தலையிலல்லா மாட்டிவிட்டேன்!"

அடுத்த பத்தியில் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தியாயம் முடிவதற்குள் தாமிரபரணியில் விழுந்து செத்தும் போகிறாள். பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் வழியில் இயற்பியல் நடத்துகிறவள் என் அத்தை. தன்னைப் பற்றி ஒரு நாவல் வரப்போகிறது என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நாவலை வாங்கிப் படித்த ஆங்கில ஆசிரியை, "டீச்சர், கதையில நீங்க செத்துட்டீங்களாமே!" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அத்தை ஆசிரியர் அறைக்குப் போவதில்லை. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஐப்பசி மழையில் எங்கள் மாடியில் வந்து தங்கியவள் அந்த நாவலாசிரியை. இடியாப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். சலவைக் கடையில் துணி துவைத்து வளர்த்த அம்மா. சீந்துவாரில்லாமல் போன முதல் இரண்டு நாவல்கள். மூன்றாவதில் அம்மாவையே குடிகாரியாக்கி எழுதினாள். பரிசும் பேரும் வந்தன. துளி சாராயம் தொடாத அந்த அம்மா கதவைச் சாத்தியவள்தான், இன்றுவரை திறக்கவில்லை. இதைச் சொல்லி அவள் தேம்பியபோது அத்தை முந்தானையால் முகம் துடைத்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை இப்போது திரும்பக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. பெற்றவளையே விற்றுப் பேர் வாங்கியவள், சோறு போட்டவளையா விட்டுவைப்பாள்?

அவள் வாழ்க்கையை நான் நாவலாக எழுதப்போகிறேன் என்று நேற்று அத்தையிடம் சொன்னேன்.

"அவ அழுததையுமா?"

"அதையுந்தான். ஒண்ணையும் விடமாட்டேன்."

அத்தை எழுந்து உள்ளே போனாள். பிறகு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "எழுது. ஒண்ணும் கூட்டிச் சொல்லாத, நடந்தது போதும். கடைசியில அவளக் கொன்னு மட்டும் போட்டுராத. உசுரோட இருந்து வாசிக்கட்டும்."

இன்று முதல் அத்தியாயம். தமிழில் எழுதி, ஆங்கிலத்திலும் நானே எழுதி, அவள் வீட்டுக்கே அனுப்பப்போகிறேன். மேலப்பாளையம் சாலை, முன்னால் அத்தை, பின்னால், இந்தப் பச்சை ஹெல்மெட் கண்ணை மறைக்க, கத்திக்கொண்டு அவள்.